வலது மூலையில் ஒரு பூ

"வெப்சைட் இவ்வளவு அழகாயிடுச்சே சிஸ்டர். அந்தப் பொண்ணு மட்டும் ஏன் வரல?"

கேட்டவள் அமலோற்பவம்.

சிஸ்டர் தெக்லா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

புருஷன் கைக்குத் தப்பி வரும் பெண்களுக்கான வீடு அது. ஊர்க்கோடியில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வெப்சைட் மட்டும் உண்டு. அதில் யாராவது எழுதினால் வீட்டிலிருந்து பதில் போகும்.

வீட்டை நடத்துபவர் தெக்லா. அமலோற்பவம் அவரைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய புருஷன் இருந்தவரை அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. அவர் போன பிறகு, இனி இவர்தான் எனக்குக் குரு என்று தெக்லாவிடம் வந்து சேர்ந்தாள். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை.

"எந்தப் பொண்ணு?"

"ரெண்டு வயசுல பையன் இருக்கான்னு சொல்லுமே, அது. மத்தியானம் மாமியார் கண் அசர்ற நேரமாப் பாத்து எழுதும். 'பையனையும் கூட்டிட்டு'ன்னு அனுப்பும். ஆளைக் காணோம். மறுநாள் வந்து 'வரலாமா?'ன்னு முடிக்கும்."

அமலோற்பவம் சிரித்தாள். தெக்லா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"நான் வெப்சைட்டைப் புதுசு பண்ணின அன்னைக்கு. 'நாளைக்குக் காலையில'ன்னு ஒரு வரி. அவ்வளவுதான். அப்ப தவக்காலம் தொடங்கக்கூட இல்ல. இப்பக் குருத்தோலை ஞாயிறே முடிஞ்சிருச்சு, நாப்பது நாளுக்கு மேல ஆச்சு."

கத்தி நின்றது.

"என்னென்ன புதுசு பண்ணினீங்கக்கா?"

"நீங்களே பாத்தீங்களே சிஸ்டர்."

"திரும்பச் சொல்லுங்க."

அமலோற்பவத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எனக்குக் கோடிங்லாம் தெரியாதுல்ல? தெரியவே வேண்டாம்னு அதுலயே போட்டிருந்துச்சு. தீம்னு வரிசையா வச்சிருக்கான், புடவைக் கடை மாதிரி. ஒண்ணைத் தொட்டாப் போதும், மொத்தப் பக்கமும் அதைக் கட்டிக்குது. பழசு துக்க வீடு மாதிரி இருந்துச்சா, இளம் ஊதா போட்டேன். எழுத்தையெல்லாம் பெருசாக்கினேன்."

"எதையாவது எடுத்தீங்களா?"

"ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். வலது மூலையில இருந்துச்சு. பக்கத்தை எங்க தள்ளினாலும் ஈ மாதிரி கூடவே வரும். ஊதாவுக்கு ஒட்டவே இல்ல. அழுத்திப் பாத்தேன் சிஸ்டர், நம்ம பக்கமே போயிருச்சு! கத்தரிக்காய் கொத்சு செய்றது எப்படின்னு வந்து நிக்குது. யாரோ பசியோட பண்ணியிருக்காங்கன்னு எடுத்துட்டேன்."

"அது பசியில பண்ணினது இல்லக்கா. இந்த வீட்டுக்கு முதல்ல வந்தவ பண்ணினது. புருஷன் சூடு வச்ச கையோட."

அமலோற்பவத்துக்கு விளங்கவில்லை.

"அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

"வெறுமனே விடலாமா? வெள்ளை லில்லிப்பூ ஒண்ணு வச்சேன். தொட்டா மலர்ற மாதிரி. கீழ ஒரு வரியும் எழுதினேன்."

தெக்லா அவரைக்காய்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் பாத்தேன்," என்றார். "பூ நல்லாருக்குன்னு சொன்னேன்."

"நல்லாத்தானே சிஸ்டர் இருக்கு?"

தெக்லா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அமலோற்பவத்தின் போனில் வெப்சைட்டைத் திறந்து அவளிடமே கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு உக்காந்திருக்கிற மாதிரி உக்காருங்க."

"எப்படி உக்காந்திருக்கும்?"

"கதவுக்கு முதுகைக் காட்டாம."

அமலோற்பவம் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தெக்லா வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ஏதோ விளையாட்டு என்று அமலோற்பவம் நினைத்தாள். ஊதா நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தான் எழுதியதைத் தானே படிக்க ஆரம்பித்தாள்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

கதவு சுவரில் மோதித் திறந்தது.

"ஏய்! என்னடி பாக்குற?"

தெக்லாவின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. போனை முந்தானைக்குள் சொருகினாள்.

"எதுக்குடி மறைக்கிற? எடு வெளிய."

"ஒண்ணு... ஒண்ணுமில்ல சிஸ்டர்."

"யாருடி சிஸ்டர்?"

அமலோற்பவம் முந்தானையை விலக்கினாள். போனை வெளியே எடுத்தாள். திரை இன்னும் ஊதாவாகவே இருந்தது.

"குடு இங்க."

நீட்டிய கை நெருங்கி வந்தது.

அவள் விரல் தன்னால் வலது மூலைக்கு ஓடியது.

அங்கே பூ இருந்தது.

அழுத்தினாள்.

பூ திரை முழுக்க மலர்ந்தது. அதன் கீழே, அவளே பெரிதாக்கிய எழுத்தில்:

"அடிக்கிற கணவனைவிட்டு வந்துவிடு, மகளே. இது உன் வீடு."