அடுப்படியில் செருப்பு

"நான் கொலைகாரனா அம்மா?" என்று கேட்டார் சபாநாதன்.

நாச்சியாரம்மை மூலையில் நின்ற கரண்ட் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைமேல் இருந்தது நாச்சியாரம்மையின் மடம். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய தேயிலைத் தோட்டத்துப் பங்களா. அவர் விட்டுப்போன அடுப்பும் பங்களாவோடு மடத்துக்கு வந்து சேர்ந்தது. நான்கு தட்டு, இரண்டு ஓவன், பச்சை எனாமல் பூசிய இரும்பு உடம்பு. ஆள் வைத்துத் தள்ளினாலும் அசையாது.

அதைப் பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர் சபாநாதன். கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். மனைவி போனபின் கடையைப் பூட்டிவிட்டு நாச்சியாரம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. அதைப் பற்றி இருவருக்கும் கவலை இருந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த அடுப்பு புஷ்பகாந்தியைக் கொன்றுவிட்டது.

அவள்தான் மடத்துக்குச் சமைத்தவள். வெள்ளிக்கிழமை வழக்கப்படி அடுப்படியைக் கழுவினாள். ஈரம் காயுமுன் அடுப்பைத் துடைக்கக் கை வைத்தாள். அவ்வளவுதான்.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போயிற்று. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆளாளுக்குச் சபாநாதனைத் தேற்றினார்கள். ஆனை சறுக்கியபோது அடியில் அகப்பட்டவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"அவ சொன்னாம்மா," என்றார் சபாநாதன். "அடுப்பு கடிக்குதுன்னு சொன்னா. நானும் தொட்டுத்தான் பாத்தேன். தட்டு, கதவு, பக்கம் எல்லாம் புறங்கையால தடவிப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"டெஸ்டர் வெச்சுப் பாக்கலையா?"

"என் கைய விடவா டெஸ்டர்னு இருந்துட்டேன்."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

சபாநாதன் தலை குனிந்துகொண்டார். "உனக்கு ரத்தம் கம்மி, முருங்கக்கீரை சாப்பிடுன்னேன்."

"எல்லாரும் சிரிச்சோம்," என்றார் நாச்சியாரம்மை. "நானும் சிரிச்சேன்."

வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்த எமனத் தூக்கிப் பள்ளத்துல போட்டுரலாம்மா."

"அடுப்பு என்ன பண்ணுச்சு? கழட்டுங்க. எதனாலன்னு பாருங்க."

மெயினை அணைத்துவிட்டு அவர் அடுப்பின் முதுகைத் திறந்தார். துணி சுற்றிய பழைய ஒயர். ஈரம் ஏறி, சூடு ஏறி, துணி பொடிந்து கிடந்தது. உள்ளிருந்த செம்புக் கம்பி அடுப்பின் உடம்பை உரசிக்கொண்டு நின்றது. கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் கம்பியைத் துரு தின்றிருந்தது. அது மட்டும் அறுந்துபோகாமல் இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், புஷ்பகாந்தி போயிருக்கமாட்டாள்.

"இவ்வளவு கரண்ட் இதுல இருந்திருக்கு," என்றார் சபாநாதன். "எனக்கு மட்டும் ஏன் அடிக்கல?"

நாச்சியாரம்மை அவர் காலைச் சுட்டிக் காட்டினார்.

ரப்பர் செருப்பு.

மடத்து அடுப்படிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சபாநாதனுக்கு மட்டும் விலக்கு. மலைக் குளிரில் குதிகால் வெடித்து ரத்தம் கசிகிறது என்று அவர்தான் கேட்டு வாங்கினார்.

"போட்டுக்கங்கன்னு சொன்னவ நான்," என்றார் நாச்சியாரம்மை.

சபாநாதன் அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். அம்மை அவரைத் தேற்றவில்லை. தானும் அழுதார்.

பிறகு சபாநாதன் அடுப்பைப் பிரித்துப் போட்டுப் புது ஒயர் இழுத்தார். பீங்கான் கட்டைகளைத் துடைத்தார். முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். புது எர்த் கம்பி போட்டார். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புஷ்பகாந்தியின் மகள் செல்வராணி வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா பாத்த வேலய எனக்குக் குடுங்கம்மா."

"பயமா இல்லையா ராணி?"

"பயமாத்தான் இருக்கு. தம்பிக்குச் சோறு போடணுமே."

நாச்சியாரம்மை மறுபேச்சுப் பேசவில்லை. வாளியை எடுத்துத் தாமே அடுப்படியைக் கழுவினார். ஒருத்தரையும் விளக்குமாற்றைத் தொட விடவில்லை. தரை முழுக்கத் தண்ணீர் நின்றது.

"அடுப்பு சரியாயிருச்சா?" என்று கேட்டார்.

"சரியாயிருச்சும்மா. மெயினும் போட்டாச்சு," என்றார் வாசல்படியில் நின்ற சபாநாதன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"செருப்பக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

சபாநாதன் ஒரு செருப்பைக் கழற்றினார். ஈரத் தரையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். மெயினை அணைத்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுப்பின் பின்பக்கம் போனார்.

செல்வராணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். உள்ளே இரும்பு இரும்பில் திருகும் சத்தம் கேட்டது.

அவர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எர்த் கம்பியில ஒரு நட்டு, முழுசா முறுக்காம விட்டிருந்தேன்."



மெயினைப் போட்டார். டெஸ்டரை எடுத்து, தட்டு, கதவு, பக்கம் என்று ஓர் இடம் விடாமல் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் இரண்டு செருப்பையும் வெளியே விட்டுவிட்டு வந்தார்.

வெடித்த குதிகாலில் ஈரம் ஏறிச் சுரீரென்று எரிந்தது. இந்தத் தரையில்தான் புஷ்பகாந்தி தினமும் நின்றாள் என்று நினைத்தார். அடுப்பின் மேல் கையை வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றாள் செல்வராணி. "பால் வைக்கணும்."

அன்றிலிருந்து தினமும் அவள் அடுப்பைத் தொடுமுன் சபாநாதன் வெறுங்காலோடு வந்து டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அதன்பின் கை வைப்பார். அவர் தலையசைத்த பிறகே அவள் சமைக்கப் போவாள். அவள் அவரிடம் வேறு பேச்சு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் வந்தது. தரை காய்வதே இல்லை. குதிகால் வெடிப்பிலிருந்து ரத்தம் கசிந்து ஈரத்தில் தடம் பதிந்தது. செல்வராணி அதையும் சேர்த்துத் துடைத்தாள்.

ஒருநாள் அவர் நாச்சியாரம்மையிடம் கேட்டார்.

"அடுப்புல இனி கோளாறு இல்லம்மா. இன்னும் எத்தன நாளைக்கு இப்படித் தொட்டுப் பாக்கணும்?"

"அடுப்பு கடிக்குதுன்னு அவ எத்தன தடவ சொன்னா?"

சபாநாதன் யோசித்தார். முருங்கைக்கீரை என்று தான் சொன்னது நினைவிருந்தது. யார் யார் சிரித்தார்கள் என்பதும் நினைவிருந்தது.

"ஞாபகம் இல்லம்மா."

"ஞாபகம் வர்ற வரைக்கும்," என்றார் நாச்சியாரம்மை.