இடது பக்கத்துக் கதவு

ஆவுடையப்பன் யாரையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை. பங்காளி சங்கரபாண்டியோடு பேச்சை முறித்தவர். மனைவி கோமதியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஒருநாள் கார் கேட்டதற்கு, "உன் பெண்டாட்டிக்கு நான் டிரைவரா?" என்று தெருவில் வைத்துக் கேட்டவன் அவன். அதை மறக்க முடியுமா? மறக்கவும் கூடாது. பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். இனி கோமதியைத் தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவதென்று வைராக்கியம்.

அப்படிப்பட்டவர், டிரைவிங் ஸ்கூல் ரெஜினாவை மட்டும் வாய் நிறைய 'டீச்சர்' என்பார். மகள் வயதுதான். அவர் கியரைக் கடகடக்க விட்டபோதும், தெருக்குழாய் மேல் ஏற்றப் பார்த்தபோதும் அவள் குரல் உயர்ந்ததில்லை. பயிற்சி வண்டியில் இடது சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்தபடி, "சரி அண்ணாச்சி, மறுபடி" என்பாள். அவ்வளவுதான்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின நாள். நாலு ரோட்டில் வலப்பக்கம் திரும்ப நின்றார்கள். எதிரே வண்டி ஓயவில்லை. பின்னால் விடாமல் ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் சங்கரபாண்டியின் கார். அவன் சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

ஆவுடையப்பன் கிளச்சை விட்டார்.

வண்டி முன்னால் பாய்ந்து, குலுங்கி நின்றது. ரெஜினாவின் கால் பிரேக்கில் இருந்தது. எதிரே வந்த பஸ் மூக்கை உரசாத குறையாகக் கடந்து போயிற்று.

அவள் திட்டவில்லை. ரோடு காலியானதும் திரும்பச் சொல்லி, ஓரங்கட்ட வைத்தாள். நாளைக்கு டெஸ்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அவர் பயந்தார். சொல்லிவிட்டால் மறுபடி சங்கரபாண்டி வாசலில் போய் நிற்க வேண்டும்.

"டீச்சர், எதிரே வர்றவனுக்காக நிக்கலாம். பின்னால ஹாரன் அடிக்கிறவனுக்கு முன்னால எப்படி நிக்கிறது?"

"இடம் மாறி உட்காருங்க அண்ணாச்சி."

அவள் ஓட்டினாள். ஒரு சுற்று சுற்றி அதே நாலு ரோடு, அதே திருப்பம். எதிரே ஜல்லி லாரி வந்துகொண்டிருந்தது. இப்போது திரும்பினால் அது எந்தக் கதவில் வந்து மோதும் என்று அவருக்குத் தெரிந்தது. தன் தோள் ஒட்டியிருந்த கதவில். நிற்கிற வண்டிக்கு அவர் கால் பிரேக்கை அமுக்கியது.

பின்னால் ஹாரன்கள் கிளம்பின.

"அடிக்கிறாங்களே. போகட்டுமா?"

"அடிக்கட்டும். அடிச்சு அடிச்சு ஹாரன் தேயட்டும்."

லாரி போயிற்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பைக் போயிற்று. ரோடு வெறிச்சென்று ஆனதும், வாழையிலையில் தண்ணீர் உருள்வதுபோல் அவள் வண்டியைத் திருப்பினாள். காலையில் வெள்ளென வந்துவிடச் சொன்னாள். அவருக்கு மூச்சு வந்தது.

வண்டி நின்ற பிறகும் இறங்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் அவசரத்துக்கு, எத்தனை பேர் ரோஷத்துக்கு இந்தக் கதவு முகம் கொடுத்திருக்கும்.

"தினமும் இங்கேயா உட்கார்றீங்க? பயமா இல்லையா டீச்சர்?"

"எனக்குக் காலடியில பிரேக் இருக்கு அண்ணாச்சி. உங்க வண்டியில மதினிக்கு இருக்காது."