தாயின் பின்னால் இருந்த இருட்டு

பழைய அரண்மனையின் ஓவியக்கூடத்தை மறுநாள் மக்களுக்குத் திறக்க இருந்தார்கள். வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கும் பொறுப்பை, பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீர்செய்யும் குரு தையல்நாயகி தன் சீடர் ஆவுடையப்பனிடம் விட்டிருந்தார். வயதில் சீடர்தான் மூத்தவர். நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவர்.

"ஒருமுறை சொல்லிக் காட்டுகிறேன், அம்மா. நான் தப்பாகச் சொன்னால் உங்களுக்கல்லவா கெட்ட பெயர்?"

"சொல்லுங்கள், ஐயா."

சுவரை அடைத்து நின்றது அந்தத் தைலவண்ண ஓவியம். கடல் கொந்தளிக்கிறது. ஒரு படகு கரையை விட்டு விலகுகிறது. அதிலிருக்கும் இளைஞன் திரும்பிப் பார்க்கிறான். கரையில் அவன் தாய் நிற்கிறாள்.

"கடல் விதியைக் குறிக்கிறது. படகின் கிழிந்த பாய், அவன் திரும்பி வரமாட்டான் என்பதற்கு அடையாளம்," என்றார் சீடர். பிறகு அவர் குரல் தணிந்தது. "ஆனால் படத்தின் உயிர் அவளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டுதான். ஓர் ஆள்கூட இல்லை. இனி அவள் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. சமைத்தால் மிஞ்சும். அதைத்தான் ஓவியர் கறுப்பாகத் தீட்டியிருக்கிறார்."

குரு கொஞ்சம் பஞ்சை எடுத்து நாக்கில் தொட்டார்.

"எச்சிலா, அம்மா?"

"காவலரிடம் சொல்லிவிடாதீர்கள். அழுக்கெடுக்க இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை."

இருட்டின் மேல் பஞ்சை மெல்ல உருட்டினார். பஞ்சு கறுத்தது. வேறு பஞ்சு எடுத்தார். அதுவும் கறுத்தது.

தாயின் தோளில் ஒரு கை தெரிந்தது. பிறகு அந்தக் கைக்குரிய பெண்ணின் முகம். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அதற்கும் பின்னால் தலைகள்.

"யார் இவர்கள்?"

"ஊர்க்காரர்கள். அரண்மனையில் இந்தப் படத்துக்கு முன்னால் வெகுகாலம் விளக்கு எரித்திருக்கிறார்கள். புகை மூடிவிட்டது."

சீடர் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"அப்படியானால் அவள் தனியாக இல்லை."

"இல்லை."

"நான் சொன்னது முழுக்கப் பிழை. நாளைக்கு வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள், அம்மா."

குரு பஞ்சைக் கீழே வைத்தார்.

"கிழிந்த பாயைப் பற்றிச் சொன்னபோது பாடம் ஒப்பித்தீர்கள். அவள் வீட்டைப் பற்றிச் சொன்னபோது அப்படியில்லை. அந்த வீடு படத்தில் எங்கேயும் இல்லையே, ஐயா."

சீடர் தலை குனிந்தார்.

"நாளைக்கு நீங்கள்தான் பேசுகிறீர்கள்," என்றார் குரு. "அது இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாடு யாரோடு?"

"காலையில் சமைத்ததே மிஞ்சியிருக்கிறது, அம்மா," என்றார் ஆவுடையப்பன்.