சங்கு வாய்மூடிய கதை

அந்தக் காலத்தில் நண்டும் ஆமையும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. சங்கும் சும்மா கிடக்கவில்லை. அதன் வாயில் ஒரு பாட்டைப் பாடி ஈரப் பாசியால் மூடிவைத்தால் போதும். எத்தனை நாள் கழித்து, எந்தக் கரையில், யார் பாசியை எடுத்தாலும் பாட்டு அப்படியே வெளியே வரும்.

ஆமைகளுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. முட்டையிட்ட கையோடு கடலுக்குத் திரும்பிவிடும் பிறவி அவை. அதனால் ஒவ்வொரு தாயும் குஞ்சுகளுக்கு வழி சொல்லும் பாட்டைச் சங்கில் பாடி, கரையில் இருக்கும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகும்.

மேலைக்கரையில் பவளாயி என்ற ஆமை தன் சங்கைக் கூத்தன் என்ற நண்டிடம் கொடுத்தாள். அவனுடைய வளை அவள் முட்டையிட்ட குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"தம்பி கூத்தா, அம்பதாவது நாள் காலையில குஞ்சுக வெளிய வந்துரும். வெயில் வந்ததும் சங்கத் தொறந்து வை. அலைக்கு அந்தப் பக்கம் நான் காத்துக்கிட்டு இருப்பேன்."

"இதக்கூடச் சொல்லணுமாக்கா? என் உயிர் மாதிரி பாத்துக்கிறேன்."

மனசாரத்தான் சொன்னான். கூத்தன் கெட்டவன் இல்லை. ஆட்டம் என்று வந்துவிட்டால் மட்டும் அவனுக்குத் தலைகால் புரியாது.

தெற்கே மேலைக்கரையும் கீழைக்கரையும் சேரும் முனையில் வருடா வருடம் நண்டுகளின் ஆட்டம் நடக்கும். ஒருவன் புன்னைக்காயை வீசுவான். எதிரணிக்காரன் கொடுக்கில் பிடித்த குச்சியால் அதை அடித்துவிட்டு நான்கு கற்களைச் சுற்றி ஓடுவான். காய் திரும்பி வருவதற்குள் அவன் வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. மொத்தம் ஒன்பது சுற்று. சமமாக முடிந்தால் கைகுலுக்கிக் கலைவது கிடையாது. ஒரு பக்கம் தோற்கும்வரை சுற்று மேல் சுற்றாகப் போகும். அப்படிக் கூடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு அணிகளும் ஆளுக்கொரு சங்கைப் பந்தயம் வைக்க வேண்டும்.

அந்த வருடம் நாற்பத்தேழாவது நாள் ஆட்டம் வந்தது. கூத்தன்தான் மேலைக்கரையின் தலைவன். பவளாயியின் சங்கைத் தனியே விட்டுப்போக மனசில்லாமல் முதுகில் கட்டிக்கொண்டு போனான். வீட்டில் விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒன்பது சுற்றும் முடிந்தபோது ஆளுக்கு நான்கு புள்ளி. பத்தாவதும் சமம், பதினோராவதும் சமம். மறுநாளும் அப்படியே போனது. நாற்பத்தொன்பதாவது நாள் உச்சிப் பொழுதில் நடுவில் சங்குகள் குவிந்து கிடந்தன. மேலைக்கரையிடம் பந்தயம் வைக்க ஒன்றுகூட மிச்சமில்லை.

"சங்கு இல்லையா? அப்ப தோத்தோம்னு சொல்லிட்டுக் கெளம்பு," என்றான் கீழைக்கரைத் தலைவன் தில்லான்.

கூத்தனுக்குக் காது சூடாகிவிட்டது. ஒரே ஒரு சுற்று, ஜெயித்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தான். முதுகில் இருந்த சங்கை அவிழ்த்துக் குவியலில் வைத்தான். அந்தச் சுற்றில் அவன் ஆள் மூன்றாவது கல்லில் தடுக்கி விழுந்தான். தில்லானின் ஆள் ஓடி முடித்துவிட்டான்.

"அய்யோ, அது ஆமக்கா சங்குடா! நாளைக்குக் குஞ்சு வருதுடா!" என்று கூத்தன் கெஞ்சினான்.

"ஜெயிச்சதத் திருப்பிக் குடுக்குறது வழக்கமில்ல. எங்க கரை ஆமையோட சங்கு ஒன்னு தர்றேன், கொண்டு போ. எல்லாம் கடலுக்குக் கூப்புடுற பாட்டுதான."

தில்லான் இரக்கப்பட்டுத்தான் கொடுத்தான். கூத்தனும் நம்பித்தான் வாங்கினான்.

ஐம்பதாவது நாள் காலையில் மணல் அசைந்தது. கூத்தன் மூச்சு வாங்க வந்து பாசியை எடுத்தான். இனிமையான குரல். "வெயில் பொறக்குற பக்கம் வாங்க, என் கண்ணுகளா." கீழைக்கரையில் வெயில் கடலில்தான் பிறக்கும். மேலைக்கரையில் அது பனங்காட்டுக்குப் பின்னால் பிறக்கும். நூற்றுப் பத்துக் குஞ்சுகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனங்காட்டுக்குள் நடந்தன. கூத்தன் குறுக்கே ஓடினான், கத்தினான், கொடுக்கால் தடுத்தான். தாயின் குரல் கூப்பிடும்போது நண்டின் பேச்சை யார் கேட்பார்கள்? மேலே பருந்துகள் வட்டமிட்டன. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பவளாயி கரையேறி வந்தாள். கூத்தன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கண்ணீர் விட்டபடி கடலைப் பார்த்துத் திரும்பினாள்.

"தாயே, எவளோ ஒருத்தி பாசமாப் பாடுன பாட்டு எம்புள்ளைகளக் கொன்னுருச்சு. இனி ஒரு கரைப் பாட்டு இன்னொரு கரையில கேக்கக் கூடாது."

கடல் சொன்னது: "எல்லாச் சங்கின் வாயையும் பூட்டுகிறேன். பாடிய கரையில், அந்தக் கரையின் ஆமைக் குஞ்சுக்கு மட்டுமே திறக்கும்."

கூத்தன் அன்றே முனைக்கு நடந்தான். தில்லான் தலைகுனிந்து பவளாயியின் சங்கை நீட்டினான். இரண்டு கரை நண்டுகளையும் கூட்டிக் கூத்தன் சொன்னான்: "இனிமே ஆட்டம் சமமாப் போனா, அடுத்த சுத்துல ரெண்டு அணியிலயும் ஒருத்தன் பாதி வழியில ரெண்டாவது கல்லுல நின்னே ஓட ஆரம்பிக்கட்டும். சட்டுனு முடியும். வீட்டுல யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க." யாரும் மறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பவளாயி அதே இடத்தில் மறுபடி முட்டையிட்டாள். சங்கை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, கூத்தனிடமே விட்டுப் போனாள். அவன் ஐம்பது நாளும் குழியை விட்டு நகரவில்லை. கடைசி நாள் காலையில் பாசியை எடுத்துவிட்டுச் சங்கைக் காதில் வைத்துப் பார்த்தான். ஓவென்ற இரைச்சல் மட்டும் கேட்டது. அதை மணலில் வைத்தான். அவனுக்குக் கேட்காத ஏதோ ஒன்று குஞ்சுகளுக்குக் கேட்டது. அத்தனை தலைகளும் ஒன்றாகக் கடல் பக்கம் திரும்பின.

அன்று முதல்தான் நண்டு தன் வளைக்கும் அலைக்கும் நடுவே பாதி வழியில் ஓடத் தயாராக நிற்கிறது. ஆமை எத்தனை கடல் தாண்டிப் போனாலும் பிறந்த கரைக்கே வந்து, கண்ணீர் விட்டபடி முட்டையிடுகிறது. அன்று முதல்தான் சங்கைக் காதில் வைத்தால் நமக்கு ஓவென்று மட்டும் கேட்கிறது. உள்ளே ஒரு தாய் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் அவள் கூப்பிடுவது நம்மை இல்லை.