வரிமீன் குஞ்சு சட்டையைக் கழற்றிய கதை

அந்தக் காலத்தில் மீன் பேசினால் மனிதருக்குப் புரியும். மனிதர் பேசினால் மீனுக்குப் புரியும். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் பேசுவதுதான் யாருக்கும் புரியாது. சுண்டுவிரல் நீளமே இருக்கும் வரிமீன், அப்போதெல்லாம் நீலக்கோடு போட்ட சட்டையோடுதான் முட்டையிலிருந்தே வெளியே வரும்.

அந்த மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்தவள் செங்கமலம். அவள் தம்பி தவசிக்கு மாரடைப்பு வந்து, இதயத்தில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். செத்த சதை திரும்ப வளராது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வரிமீனுக்கோ இதயத்தில் காயம் பட்டால் இரண்டே மாதத்தில் புதுச்சதை வளர்ந்துவிடும். அது எங்கிருந்து வளர்கிறது என்று தெரிந்தால் தம்பிக்கு ஒரு வழி பிறக்கும் என்று அவள் ராப்பகலாகத் தேடினாள்.

தேடிய விதம்தான் சரியில்லை. உள்ளே பார்க்க மீனை அறுக்க வேண்டும். மீன்களின் இதயத்தில் சிறு காயம் செய்துவிட்டு, முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் இன்னொன்று என்று அறுத்தாள். படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டிவைத்தாள். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு மீனின் இதயம். ஒரே இதயம் தொடக்கத்திலிருந்து ஆறுவதை அவள் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டால், ஆறுவதற்கு அந்த மீன் இருக்காது.

கடைசியில் தொட்டியில் ஒரு ஜோடிதான் மிஞ்சியது. பெட்டையை வலையில் தூக்கினாள். வயிறு முட்டையால் உப்பியிருந்தது. செங்கமலத்துக்குக் கை ஓடவில்லை. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"என்ன தாயி, தூக்கிட்டு விட்டுட்ட?" என்றது மீன்.

"புள்ளத்தாச்சிய எப்படி அறுக்க? என் தம்பிக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்."

"உனக்குப் பாக்கத்தான வேணும்? அதுக்கு எதுக்கு அறுக்கணும்?"

"உங்க சட்டை மறைக்குதே!"

மீன் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. வரிதான் அதற்கு மானம்.

"எனக்கு உசுரக் குடுத்த. என் புள்ளைக சட்டையக் கழத்தித் தாரேன். குஞ்சா இருக்கிற வரைக்கும்தான், வளந்தா போட்டுக்கிரும். பாத்ததும் தண்ணியில விட்ரணும், ஆமா."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மீன் முட்டையிட்டது. ஒவ்வொரு முட்டையையும் கூழாங்கல்லில் உரசி உரசி நிறத்தைக் கழுவியது. கண்ணில் மட்டும் கறுப்பை விட்டுவைத்தது.

"அதை ஏன் விட்ட?" என்றாள் செங்கமலம்.

"என் புள்ளைய யாரு பாக்குறாகன்னு அதுவும் பாக்கணும்ல!"

பொரிந்து வந்த குஞ்சு கண்ணாடியாக இருந்தது. தாயிடம் கேட்டுக்கொண்டு, ஒரு குஞ்சின் இதயத்தில் ஊசிமுனை அளவு காயம் செய்து, அறுக்காமல், அதே குஞ்சை நாள்தோறும் நுண்ணோக்கியில் படம் எடுத்தாள். காயத்தை ஒட்டியிருந்த சதையே ஒன்று இரண்டாகப் பெருகி ஓட்டையை மூடுவதைக் கண்ணாரக் கண்டாள். சொன்ன சொல் தவறாமல் குஞ்சைத் தாயிடமே விட்டாள்.

படத்தைப் பார்த்த தவசிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எனக்கு மருந்தாகி வர நாளாகும்க்கா. வராமலே போனாலும் சரி, எனக்கப்புறம் எவனாச்சும் படி ஏறுவான்ல? அந்தத் தாய்க்கு என் கும்பிடச் சொல்லு" என்றான்.

செங்கமலம் தொட்டி முன்னால் குனிந்து, தம்பிக்கும் சேர்த்துக் கும்பிட்டாள்.

அன்று முதல்தான் வரிமீன் குஞ்சு, கண்ணைத் தவிர மேனியெல்லாம் கண்ணாடியாகப் பிறக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர் எவ்வளவு படித்தவரானாலும், தலையைக் குனிந்துதான் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கிறார்.