எட்டுப் பேரின் எடை

துரைக்கண் மாஸ்டர் ஒரு கல்லூரியில் கயிறு இழுக்கும் அணிக்குப் பயிற்சியாளர். பேசப் பிடிக்காது. கேள்வி கேட்டால் அதைவிடப் பிடிக்காது.

அந்தப் போட்டியில் ஒரு விதி. அணியில் எட்டுப் பேர். எட்டுப் பேர் எடையையும் கூட்டினால் அறுநூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. விடுதி மெஸ்ஸில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தார்கள். ஏழு கிலோ கூடுதல்.

ஏழு பேரும் செங்கோடனைப் பார்த்தார்கள். அவன்தான் கடைசி ஆள். கயிற்றின் நுனியைத் தோளில் போட்டு நட்ட கல் மாதிரி நிற்பவன்.

"மாப்ளே, ஏழும் உன்கிட்டதான் இருக்கு," என்றான் கேப்டன் ரியாஸ். "வாயைக் கட்டு. இல்லைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்."

அந்தக் கயிற்றை விட்டால் செங்கோடனுக்குக் கல்லூரியில் வேறு பெருமை கிடையாது. அன்றிலிருந்து வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான்.

ஒரு வாரம் தாங்கினான். கபடிக்காரர்களோடு இழுத்துப் பழகும்போது கண் இருட்டியது. முழங்கால் மடிந்தது. முன்னால் நின்ற ஏழு பேரும் வரிசையாக மண்ணில் குப்புற விழுந்தார்கள்.

செங்கோடன் மாஸ்டரிடம் போனான்.

"மாஸ்டர், இன்னும் அஞ்சு கிலோ. வேற எதை விட்டா குறையும்?"

மாஸ்டர் அவனை மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனார். சோறு, சாம்பார், கீரைப் பொரியல், இரண்டு முட்டை. தட்டை அவன் முன்னால் வைத்தார்.

"தின்னு."

"எடை, மாஸ்டர்..."

"தின்னுன்னேன்."

மற்ற ஏழு பேரையும் வரச் சொன்னார். மூக்கில் மண்ணோடு வந்து நின்றார்கள்.

"நேத்து ராத்திரி என்ன தின்னீங்க?"

"பரோட்டா, மாஸ்டர்," என்றான் ரியாஸ்.

"எத்தனை?"

"யாரு எண்ணினா?"

"அப்புறம்?"

"கூல்டிரிங்ஸ்."

"அது எதுக்கு?"

"பரோட்டா செரிக்க."

மாஸ்டர் செங்கோடனின் தட்டைக் காட்டினார். "ஆளுக்கொரு தட்டு எடுங்க. இவன் பக்கத்துல உக்காருங்க. இவனுக்கு என்னவோ அதுதான் எல்லாருக்கும். பரோட்டாக் கடைப் பக்கம் எவன் தலையாவது தெரிஞ்சுது, கயித்தை வெட்டி அடுப்புல போட்டுடுவேன்."

முனகினார்கள். உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து எட்டுப் பேரும் ஒரே மேசையில், வேளா வேளைக்கு. கொஞ்ச நாள் ரியாஸ் தூக்கத்தில் பரோட்டா வீசினான். பிறகு அதுவும் நின்றது.

போட்டி நாள். எடை பார்த்தார்கள். அறுநூற்று முப்பத்தெட்டு.

எதிரணிக்காரன் ஒருவன் செங்கோடனைப் பார்த்துச் சிரித்தான். "இந்த யானையை வெச்சுக்கிட்டு எப்படிடா உள்ள வந்தீங்க?"

ரியாஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "யானை எங்களுதுடா. நீ காலை நல்லா ஊனி நில்லு."

செங்கோடனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டரிடம் ஒதுங்கினான்.

"நான் ரெண்டு கிலோதான் குறைஞ்சேன், மாஸ்டர். மிச்சமெல்லாம் அவங்க குறைச்சது."

மாஸ்டர் அவன் தோளில் கயிற்றைப் போட்டார்.

"இதுல எவன் எவ்வளவு இழுத்தான்னு நிறுத்துப் பாப்பியா?"

"இல்ல, மாஸ்டர்."

"அப்ப போ. கடைசியில நில்லு."