முதுகுப் பக்கம்

"பருத்தி கரண்டைக் கடத்தாதுங்க, டீச்சர். சும்மா இருக்கிற துணிக்கு வெள்ளியைப் பூசி, கரண்டை நாமளே எதுக்குங்க கூப்பிடோணும்?"

இப்படிக் கேட்டவர் நாச்சிமுத்து.

அவர் மின்கம்பம் ஏறிப் பிழைப்பு நடத்தியவர். கூட ஏறிய ராசப்பன் கம்பியிலேயே கருகியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஏறுவதை விட்டுவிட்டார். மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட்டு வேலை செய்கிறவர்களுக்கு மரகதம் ஓர் உடுப்புச் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, சென்னிமலைக்கு வந்து அவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார்.

மரகதம் அவரைவிட இளையவர். வெள்ளிக் கரைசலில் கிடந்த துணியைக் கழியால் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"கரண்டுக்குப் போக ஒரு வழி வேணுமுங்கண்ணா. துணியில வழி இருந்தா துணியோட போயிரும். இல்லீன்னா?"

"ஒடம்போட போகுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

மழைக்காலம் முடிவதற்குள் அவரே துணியை முக்கி, காயவைத்து, முதல் உடுப்பைத் தைத்து முடித்தார். ஆனால் அந்தத் துணியில் அவர் கை ஓரிடத்திலும் நிலைத்ததில்லை. சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டு எடுத்தார்.

கொட்டகைக்குப் பின்னால் சோதனைக்கென்று மின்கம்பி ஒன்று இழுத்திருந்தார்கள். பக்கத்தில் கரண்ட் ஏறாத ஏணி. உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஏறி, அந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

"பஸ்ஸர் வெச்சுப் பார்த்தீங்களா?" என்றார் மரகதம்.

"பார்த்தேனுங்க. கத்துச்சுங்க, கரண்டுக்கு வழி இருக்குதுங்க."

"அப்பப் போட்டுக்கங்க."

நாச்சிமுத்து பின்வாங்கினார். "என்னால ஆகாதுங்க டீச்சர். கம்பியைப் பார்த்தாலே ராசப்பன் கருகுன வாசனை வருது."

மரகதம் உடுப்பை வாங்கி மாட்டிக்கொண்டார். தலை மூடி, காலுறை, கையுறை எல்லாவற்றையும் உடுப்போடு பொருத்தினார்.

ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

"நில்லுங்க."

"ஏனுங்கண்ணா?"

"தெரியலீங்க. இன்னொருக்காப் பார்த்துக்கிறேன்."

நாச்சிமுத்து ஓடிப்போய் பஸ்ஸரை எடுத்து வந்தார். அதன் இரண்டு ஊசிகளையும் மரகதத்தின் முதுகில் கழுத்திலிருந்து கீழே விரல் விரலாக வைத்து அழுத்தினார். பஸ்ஸர் கத்தியது. இன்னும் கீழே வைத்தார். கத்தியது.

தோள்பட்டைக்குக் கீழே கத்தவில்லை.

ஊசியை நகர்த்தினார். அங்கேயும் சத்தமில்லை. நகத்தால் சுருக்கத்தை விரித்தார். கரைசலில் கிடந்தபோது மடிந்திருந்த இடம். ஒரு சாண் நீளத்துக்கு, வெள்ளி ஏறாமல், பருத்தி பருத்தியாகவே இருந்தது.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மரகதம் இறங்கி வந்து தலை மூடியைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கையுறையைக் கழற்ற முயன்றார். வேர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"என்னைச் சோதிக்கோணும்னுதானுங்களா, வெள்ளி ஏறாதது தெரிஞ்சே போட்டீங்க?" என்றார் நாச்சிமுத்து.

"இல்லீங்கண்ணா."

மரகதம் கையுறையைக் கழற்றிவிடச் சொல்லி இரண்டு கைகளையும் அவரிடம் நீட்டினார்.

"போட்டிருக்கிறவளுக்கு முதுகு எங்கீங்க தெரியும்?"